இணைப்பு: வால் நட்சத்திரப் படங்கள் இரண்டு

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது தெரிவிக்க வேண்டும். இது விதி. இந்த விதியை நினைவுபடுத்தும் சுற்றறிக்கைகளை நானே பலமுறை வரைவு செய்திருக்கிறேன். 'கண்டிப்பாக' என்ற சொல்லின் அடியில் கோடு போட்டதும் நான்தான். அந்தச் சுற்றறிக்கைகள் பிறகு எந்த அலமாரியில் போய்ச் சேரும் என்பதும் எனக்குத் தெரியும்.

1989இல் மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு லாரியில் வந்த கோப்புகளோடு நானும் வந்தேன். ஆறு வருடம் கழித்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றேன். மேலதிகாரிக்குப் போக வேண்டிய தாள்களைப் படித்துப் பார்த்து, அவை போகத்தான் வேண்டுமா என்று முடிவு செய்கிறவர் சிரஸ்தார். ஓய்வு பெற்ற பிறகு முடிவு செய்ய ஒன்றும் இல்லாததால் ஒரு கேமரா வாங்கினேன். செங்கம் ரோடில், ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் துறக்கப்போவதாகச் சொல்லி விற்றார். பேரம் பேசிப் பார்த்தேன். விலையில் துறவு கிடையாது என்று தெரிந்தது.

"ரிடையர் ஆனவங்க ஒண்ணு கோயிலுக்குப் போவாங்க, இல்ல யார் மேலயாவது கேஸ் போடுவாங்க. நீங்க ஏங்க இருட்டைப் போட்டோ புடிக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

இருட்டைப் பிடிக்கச் சொன்னவள் எங்கள் மருமகள். மகனுக்கு ஓசூரில் வேலை. அவன் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். மருமகள் எங்களோடு இருந்து, தினமும் பஸ் பிடித்து, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாகப் போய் வந்தாள். 1997 மார்ச்சில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், "மாமா, வால் நட்சத்திரம் வந்திருக்கு. வெறுங்கண்ணுக்கே தெரியுது. நம்ம ஊர்லதான் தெரியாது," என்றாள்.

அது உண்மை. அந்த வால் நட்சத்திரம் சூரியன் மறைந்த பிறகு வடமேற்கில் தாழ்வாக நின்றது. எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே. வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும்; மலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஊரில் பாதிப்பேர் அந்த வால் நட்சத்திரத்தைப் பார்க்காததற்குக் காரணம் மலைதான். அவர்களில் பலர், அப்படி ஒன்று வரவே இல்லை என்று பிற்பாடு என்னிடமே சாதித்திருக்கிறார்கள்.

மலையைச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய்விட்டால் மலை முதுகுப்பக்கம் வந்துவிடும். எதிரே வயல், அதற்கு மேல் வானம். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. எனக்கு வேண்டியது நிலா இல்லாத வானம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் அங்கே நாய்களும் நாலைந்து சாமியார்களும் ஒரு டீக்கடையும்தான். மொபெட்டில் கேமராவையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு போய், தெருவிளக்குக்கு எட்டாத ஒரு வரப்போரமாக நின்றேன். ஏழு மணி இருக்கும்.

பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, யாரோ வானத்தில் சுண்ணாம்பு விரலைத் துடைத்திருக்கிறார்கள் என்பது. தலை நன்றாக வெளிச்சமாக இருந்தது. அதிலிருந்து வால் மேல்நோக்கி, சற்றே வலப்பக்கம் சாய்ந்து, போகப் போக மங்கி, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது.

படம் எடுக்கும் முறை எளியது. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து, ஷட்டரைக் கேபிளால் அழுத்திப் பிடித்து, இருபது எண்ணி விட வேண்டும். இருபதைத் தாண்டினால் பூமி சுழல்கிறது என்பது படத்தில் தெரிந்துவிடும். நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் சீரகமாக விழும். நான் வாய்விட்டு எண்ணினேன். ஒவ்வொரு படத்துக்கும் இருபது, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. பாதையோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு சாமியார், "இன்னும் நூத்தியெட்டே வரலியா?" என்று கவலையாகக் கேட்டார்.

டீக்கடைக்காரருக்கு வேறு கவலை. "இது வந்தா ராஜாவுக்கு ஆகாதும்பாங்க சார்."

"இப்ப ராஜா ஏதுய்யா?"

"அப்ப கவர்மென்ட்டுக்கு ஆகாது. எவனுக்காவது ஆகாம இருக்கணும் இல்ல? சும்மாவா அத்தினி தூரத்துல இருந்து வருது?"

அந்த ஏப்ரலிலேயே மத்தியில் ஆட்சி மாறியது. அடுத்த முறை போனபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் எதையோ கழற்றி விட்டேன் என்ற சந்தேகம் இருந்தது.

முதல் ரோலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். மறுநாள் ஸ்டுடியோக்காரர் இரங்கல் தெரிவிக்கும் முகத்தோடு கவரை நீட்டினார். "ஒண்ணும் விழல சார். முப்பத்தாறும் காலி." நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் விழுந்திருந்தது. இருட்டான படத்தில் ஒரு படம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், அவர் அளவு பார்த்துக் குத்துமதிப்பாக வெட்டியிருந்தார். தலை ஒரு துண்டில் இருந்தது, வால் இன்னொரு துண்டில்.

"இருட்டுல யார்னா போட்டோ எடுப்பாங்களா சார்? கல்யாணத்துல எடுங்க, காதுகுத்துல எடுங்க. சூப்பரா வெட்டித் தரேன்," என்றார். அவர்மேல் தப்பில்லை. அடுத்த ரோலின் முதல் படமாகப் பகல் வெளிச்சத்தில் என் மனைவியை மொபெட் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தேன். அந்தப் படத்தின் ஓரத்தை வைத்து மற்றதை அளந்து வெட்டச் சொன்னேன். இருட்டைப் பிடிப்பதற்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த ரோலில் உருப்படியான படம் அது ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

அந்த ரோலில் எட்டு நாள் இடைவெளியில் இரண்டு மாலைகள் எடுத்திருந்தேன். சின்ன பிரிண்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தபோது மருமகள்தான் முதலில் கவனித்தாள்.

"மாமா, ரெண்டு வால் விழுந்திருக்கு பாருங்க."

கண்ணுக்குத் தெரிந்த வெள்ளை வாலுக்குப் பக்கத்திலேயே, நீலமாக, மெலிதாக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இன்னொன்று இருந்தது. வெள்ளை வால் லேசாக வளைந்திருந்தது. நீல வால் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இதைத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். "களத்துல நெல்லு தூத்தறப்ப பதர் எந்தப் பக்கம் போகும்னு கேட்டேன் மாமா. காத்து அடிக்கிற பக்கம்னாங்க. தூத்தறவங்க நடந்துகிட்டே தூத்தினா, அவங்களுக்குப் பின்னாடியா போகும்னு கேட்டேன். அவங்க எப்படி நடந்தா என்ன மிஸ், காத்து போற பக்கம்தான் போகும்னாங்க. அவ்வளவுதான் பாடம்." வால் நட்சத்திரம் போகிற வேகத்தில் பின்னால் பறப்பதல்ல வால். சூரியனிடமிருந்து ஒரு காற்று எப்போதும் வெளிப்பக்கமாக அடித்துக்கொண்டிருக்கிறது. அதில் அடித்துப்போகிற வாயு நேராகப் போகும். அது நீல வால். தூசியைச் சூரிய ஒளி தள்ளுகிறது. ஆனால் அது கனம், மெதுவாகத்தான் நகரும். அதனால் சற்றுப் பின்தங்கி வளையும். அது வெள்ளை வால். சூரியனை நெருங்கி வரும்போது வால் பின்னால் இருக்கும். சுற்றிக்கொண்டு திரும்பிப் போகும்போது வால் முன்னால் போகும். எங்கள் இரண்டு படங்களையும் பக்கத்து நட்சத்திரங்களை வைத்து ஒப்பிட்டால், எட்டு நாளில் வால் நட்சத்திரம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தது, வால் வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னாலும் இல்லை, முன்னாலும் இல்லை. பக்கவாட்டில்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுத் தேர்வு. வினாத்தாள் எல்லாப் பள்ளிக்கும் பொது. கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற பகுதியில், 'வால் நட்சத்திரத்தின் வால் எப்போதும் அதற்கு ______ இருக்கும்' என்று ஒரு கேள்வி. கூடவே வந்த விடைக்குறிப்பில் 'பின்னால்' என்று இருந்தது. மருமகளின் வகுப்பில் அநேகமாக எல்லாரும் 'சூரியனுக்கு எதிர்ப்பக்கம்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண், 'சூரியன் தூத்தற பக்கம்' என்று எழுதியிருந்தாள். மருமகள் அத்தனை பேருக்கும் மார்க் போட்டாள். 'பின்னால்' என்று எழுதிய ஒரே பெண்ணுக்குப் போடவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா நாலு பேருக்குத் தெரிந்தவர். விடைக்குறிப்பு எப்படியோ அவர் கைக்கு வந்தது. புகார் மேலே போனது.

ஜூனில் பள்ளி திறந்ததும் மெமோ வந்தது. அனுப்பிய அலுவலகம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லா அலுவலகமும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதும். 'அங்கீகரிக்கப்பட்ட விடைக்குறிப்புக்கு மாறாக, அறிவியலுக்குப் புறம்பான கருத்தைக் கற்பித்தும் அதற்கு மதிப்பெண் வழங்கியும் உள்ளதால், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இம்மெமோ கிடைத்த பதினைந்து நாட்களுக்குள்' விளக்கம் அளிக்க வேண்டும்.

எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைத்தாளை எடுத்து ஐந்து நிமிடத்தில் வரைவு எழுதினேன். 'மேற்படி செயல் கவனக்குறைவால் நேர்ந்தது. இனி நேராது என உறுதியளிக்கிறேன்.' இந்த இரண்டு வாக்கியங்களால் நான் மூட வைத்த கோப்புகளை அடுக்கினால் எங்கள் மாடிப்படி உயரம் வரும். பேனாவையும் நீட்டினேன்.

மருமகள் படித்துவிட்டு, "இது கவனக்குறைவா மாமா?" என்றாள்.

"இல்லைம்மா. ஆனா இப்படி எழுதினா கோப்பு மூடும். எழுதலைன்னா கண்டனம்னு ஒண்ணு போட்டு உன் பணிப்பதிவேட்டுல ஏத்துவாங்க. தண்டனையில சின்னது அதுதான். ஆனா தலைமை ஆசிரியை பட்டியல் போடறப்ப அந்த ஒரு வரி உன் பேரைத் தாண்டிப் போக வெச்சிடும்."

"சரி, மூடிடும். அடுத்த வருஷம் இதே கேள்வி வரும். நான் தப்புன்னு எழுதிக் குடுத்தவ. சரியா எழுதற பொண்ணுக்கு நானே தப்பு போடணும்."

"ஒரு மார்க்குக்கா இம்மாம் பாடு?" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

"ஒரு மார்க்குன்னா விட்டுடுவேன் அத்தை. பொய்ல கையெழுத்துக் கேக்கறாங்க."

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "அவ சொல்றது சரிதாங்க. உங்க பேப்பரை மடிச்சு வெச்சிக்குங்க," என்றாள்.

எனவே விளக்கம் நாலு பக்கத்துக்குப் போனது. அறிவியல் அவளுடையது, 'பார்வையில் கண்ட' 'மேலும் பணிந்து' எல்லாம் என்னுடையது. ஆதாரமாக அந்த இரண்டு மாலைப் படங்களையும் பெரிதாக்கி இணைப்பது என்று முடிவானது. அலுவலகத்துக்குப் போகிற படம், நன்றாக இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி நெகட்டிவைக் கொடுத்தேன். ஆனி மாதம், முகூர்த்த நாட்கள், அவர் இன்று நாளை என்று இழுத்தார். கெடு முடியும் நாளன்று மாலை நாலு மணிக்குத்தான் அட்டை வைத்து ஒட்டிய கவர் கைக்கு வந்தது. மொபெட்டை மிதித்து அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கண்காணிப்பாளர் எனக்குப் பழக்கமானவர். உட்காரச் சொன்னார். விளக்கத்தைப் புரட்டினார்.

"சார், நீங்க அனுபவஸ்தர். சொல்லுங்க. நாய்க்கு வால் எங்க இருக்கு?"

"பின்னால்."

"மாட்டுக்கு?"

"பின்னால்."

"அப்ப நட்சத்திரத்துக்கு மட்டும் ஏன் சார் பக்கத்துல இருக்கணும்? முன்னாடி இருந்தா அதுக்குப் பேரு வாலா? கொம்பு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். பழைய புத்தகங்களில் இதற்குத் தூமகேது என்று பெயர். புகைக்கொடி என்று அர்த்தம். புகைக்கும் கொடிக்கும் காற்றுதான் கணக்கு. முன் பின் கிடையாது. வால் என்று பெயர் வைத்தவுடன் அது பின்னால் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. மணி ஐந்தரை. 'இணைப்பு: படங்கள் 2' என்று எழுதியிருந்த இடத்தில் டிக் போட்டு, கவரை அப்படியே வைத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பரில் ஆணை வந்தது. 'ஆசிரியையின் விளக்கத்துடன் இணைக்கப்பட்ட புகைப்படங்களைக் கூர்ந்து நோக்கியதில், விளக்கத்தில் கூறியுள்ளவாறு இரண்டு வால்கள் காணப்படவில்லை. ஒரு வால் மட்டுமே உள்ளது. அதுவும் சற்றே பின்னோக்கி வளைந்திருப்பது தெளிவாகிறது. எனவே விடைக்குறிப்பு சரியே எனக் கண்டு, கண்டனம் எனும் தண்டனை வழங்கி ஆணையிடப்படுகிறது.'

நான் படித்த ஆயிரக்கணக்கான ஆணைகளில், இணைப்பை உண்மையிலேயே பிரித்துப் பார்த்து எழுதப்பட்ட ஆணை இது ஒன்றுதான்.

ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் ஒரு பெண்ணின் படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம். மெல்லிய பிரஷ்ஷால் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நீலக் கோடா சார்? அது கீறல் சார். ரெண்டு போட்டோலயும் அதே இடத்துல இருந்துச்சு. உங்க கேமராவே கீறுதுன்னு நெனச்சேன். கவர்மென்ட்டுக்குப் போற போட்டோன்னு சொன்னீங்களே, அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு நானே உக்காந்து கறுப்பு தொட்டு எடுத்தேன். மூணு மணி நேரம்! அதுக்குத் தனியா ஒண்ணும் கேக்கல பாருங்க." பிரஷ்ஷைக் கன்னத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். "மருவையே எடுத்துடுவோம் சார். கோடு இன்னா பெரிசு?"

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது என்று எந்த நடைமுறை நூலிலும் இல்லை.

மருமகள் வராண்டாவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நீலத்தை மட்டும் எடுத்துட்டாரா?"

"ஆமாம்மா."

"நேரா இருந்தது அதுதான். கொஞ்சம் பின்னாடி வளையறது வெள்ளை. அதை விட்டு வெச்சிருக்காரு." சிவப்பு மைப் பேனாவை மூடினாள். "குடுக்கறப்ப நீங்க பார்க்கலியா மாமா?"

ஒன்றைப் பார்க்காமல் விட்டதற்கு அலுவலக மொழியில் எனக்குப் பத்து வாக்கியங்கள் தெரியும். பத்தும் செயப்பாட்டுவினை. 

"பார்க்கலைம்மா," என்றேன்.

அவள் பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். என் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னாள். "எழுதிக் குடுக்க வேண்டியவங்க யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா? அந்தப் பேப்பர் அலமாரியிலதான் இருக்கு."

மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம் அவகாசம். அதில் மருமகளின் நாலு பக்கத்தோடு என் பெயரில் தனியாக ஒரு தாள் வைத்தேன். படங்களைச் சரிபார்க்காமல் சமர்ப்பித்தது நான் என்றும், அது என் கவனக்குறைவால் நேர்ந்தது என்றும், இனி நேராது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறர் சார்பில் அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எனக்காக எழுதியது அதுவே முதல் முறை. எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

படங்களை இந்த முறை யாரும் தொடாமல் வேலூரில் பெரிதாக்கி வாங்கி வந்தேன். நீல வால் இருந்தது. இனி யாரும் சந்தேகப்படக் கூடாது என்று, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் 'உண்மை நகல்' என்று சான்றொப்பம் வாங்க நினைத்தேன். எங்கள் வட்டாரத்தில் கேட்டவுடன் கையெழுத்துப் போடும் கெஜட்டட் அதிகாரி மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான். பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அவர் முத்திரையில்தான் காலேஜுக்குப் போகும்.

போனபோது ஒரு சினைமாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"அசல் எங்க சார்? அசலைப் பார்க்காம உண்மை நகல்னு எப்படிப் போடறது?"

"அசல் போயிடுச்சு டாக்டர். திரும்பி வர ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நெகட்டிவ் இருக்கா?" நெகட்டிவைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். விஷயத்தைக் கேட்டதும், "வால் எப்பவும் பின்னாலதான்னு எவன் சார் சொன்னது? ஈ உக்காந்தா மாடு வாலை முன்னாடி கொண்டு வந்து என் மூஞ்சியிலயே அடிக்குது," என்றார். அந்த வாக்கியத்தைப் பத்தி எண் போட்டு மேல்முறையீட்டில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது.

மேல்முறையீடு 1997 நவம்பரில் போனது. மூன்று நாளில் ஒப்புகை வரவில்லை. முப்பது நாளில் பதில் வரவில்லை. அறுபதாவது நாள் முதல் நினைவூட்டு அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் ஒன்று. நேரில் போய்க் கேட்டால் கோப்பு சுற்றில் இருக்கிறது என்றார்கள். நான் வேலையில் இருந்தபோது சொன்னதும் அதையேதான் என்பதால் கோபித்துக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

எங்கே சுற்றுகிறது என்பது ஒன்றரை வருடம் கழித்துத் தெரிந்தது. கோப்பைப் பிரித்த புதிய உதவியாளர், பொருள் என்ற இடத்தில் 'வால் தொடர்பான மேல்முறையீடு' என்று இருப்பதையும், படங்களின் பின்னால் கால்நடை மருத்துவரின் முத்திரை இருப்பதையும் பார்த்து, கருத்துரை கேட்டுக் கால்நடைத் துறைக்கு அனுப்பியிருக்கிறார். 'இப்பொருள் இத்துறையைச் சார்ந்ததன்று' என்று அவர்கள் இருபத்திரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் விதிப்படி நடந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். திரும்பி வந்த கோப்பு, எந்தப் பிரிவு அதை வாங்கிக்கொள்வது என்று முடிவாகாமல் ஒரு ஜன்னலோரம் இருந்தது.

2000இல் தலைமை ஆசிரியைப் பட்டியல் வந்தது. மருமகளுக்கு இரண்டு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவள் பெயர் இருந்தது. இவள் பெயர் இல்லை. பொறுப்பேற்ற அன்று அந்தப் பெண் கொடுத்த டீ பார்ட்டிக்குப் போய்விட்டு வந்தாள். "கேசரி நல்லா இருந்துச்சு," என்றாள். அன்றைக்கு என் மனைவி என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அதற்கடுத்த ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி மறுபடி வந்தது. அதே கோடு, அதே விடைக்குறிப்பு. சாயங்காலம் சாப்பிடும்போது மருமகள் சொன்னாள்.

"பழையபடியேதான் மார்க் போட்டேன் மாமா. எதிர்ப்பக்கம்னு எழுதினவங்களுக்குப் போட்டேன். பின்னால்னு எழுதினவங்களுக்குப் போடல. இந்த வாட்டி அஞ்சாறு பேரு."

"மேல்முறையீடு நிலுவையில இருக்கறப்ப அப்படிச் செய்யலாமாம்மா?" என்றேன். பழக்கதோஷம்.

"செய்யலாமான்னு விதியில பாருங்க. நான் செஞ்சுட்டேன்."

பார்த்தேன். அதற்கு விதி இல்லை. அந்த வருடம் யாரும் புகார் செய்யவும் இல்லை.

பதில் வந்தபோது நான் அதை எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். பதிவுத் தபால். மருமகள் அன்று காய்ச்சல் என்று விடுப்பில் இருந்ததால் அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கவரைக் கிழிக்காமல் என்னிடம் கொடுத்தாள். நான் கத்தரியால் ஓரத்தை வெட்டி, தாளை எடுத்து, படிக்காமல் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மொத்தம் மூன்று பத்தி. முதல் பத்தி, பார்வையில் கண்ட கடிதங்களின் பட்டியல். என் நினைவூட்டுகளில் நாலைக் காணோம். இரண்டாம் பத்தி, மேல்முறையீடு ஏற்கப்பட்டது, கண்டனம் நீக்கப்படுகிறது, பணிப்பதிவேட்டில் உள்ள பதிவைச் சிவப்பு மையால் அடித்துச் சுருக்கொப்பமிட வேண்டும். தவறவிட்ட பதவி உயர்வு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

அவள் இரண்டாம் பத்தியில் நிற்கவில்லை. நேரே மூன்றாம் பத்திக்குப் போனாள். 'மேலும், மேற்படி விடைக்குறிப்பில் "பின்னால்" என உள்ளதைச் "சூரியனுக்கு எதிர்த்திசையில்" எனத் திருத்தி வாசிக்குமாறு அனைத்துப் பள்ளிகளுக்கும் தெரிவிக்கப்படுகிறது.'

"எல்லாப் பள்ளிக்கும்னா, எல்லாப் பள்ளிக்குமா மாமா?"

"நகல் பெறுநர் பட்டியலைப் பாரு."

பார்த்தாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கீழே வரைக்கும் போனாள். பிறகு மூன்றாம் பத்தியை என் மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். உள்ளேயிருந்து, "இன்னொரு தரம் படி, குக்கர் சத்தத்துல காதுல விழல," என்று பதில் வந்தது. மறுபடி வாசித்தாள்.

வாசித்து முடித்துத் தாளை என்னிடம் நீட்டினாள். "பெறப்பட்ட தேதியைப் போட்டு வெச்சிடுங்க மாமா. அப்புறம் அனுப்பவே இல்லைன்னு சொல்லுவாங்க."

கடிதத்தின் தேதி ஒன்று, தபால் முத்திரையின் தேதி ஒன்று. இரண்டையும் விட்டுவிட்டு, மேல் ஓரத்தில் வழக்கமாக எழுதும் இடத்தில், வந்த தேதியை எழுதினேன்: 14.07.2003.